பயமுறுத்தினால் இணையப் பாதுகாப்பு வந்துவிடுமா?

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இணையப் பாதுகாப்பு சொல்லித்தரும் பொறுப்பைப் பள்ளியில் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு சிறப்புக் கூட்டம், ஒரு போஸ்டர் போட்டி, அவ்வளவு போதும் என்று நிர்வாகம் நினைக்கிறது. உண்மையிலேயே போதுமா, போதாது என்றால் எங்கே தொடங்குவது, எதையெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. தொடங்க வேண்டிய இடம் வகுப்பறைகூட இல்லை, ஆசிரியர் அறை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் கணினி ஆசிரியராக இருந்த ஆரம்ப வருடங்களில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எல்லா வகுப்பையும் அரங்கில் உட்கார வைத்து, திரையில் பயங்கரமான படங்களைப் போட்டு, “ஒரு போட்டோ வெளியே போச்சுன்னா போனதுதான், வாழ்க்கையே முடிஞ்சுது” என்று குரலை உயர்த்துவேன். அரங்கம் அப்படியே அடங்கிவிடும். நல்ல நிகழ்ச்சி என்று தலைமை ஆசிரியர் கை கொடுப்பார். சில மாதங்கள் கழித்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். ஆன்லைன் விளையாட்டில் பழக்கமான யாரோ ஒருவன், இவனுடைய சாதாரணப் படம் ஒன்றை எடுத்து அசிங்கமாக வெட்டி ஒட்டி, உன் வகுப்பில் எல்லாருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டிப் பணம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். விஷயம் வெளியே வந்த பிறகு, முதல் நாளே ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கதானே சார் சொன்னீங்க, படம் போச்சுன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு. அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றான்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரே அளவுகோல்தான். ஏதாவது தப்பாக நடந்தால், நடந்த அன்றைக்கே குழந்தை ஒரு பெரியவரிடம் வந்து சொல்லுமா? அந்த வாய்ப்பைக் கூட்டும் பாடம் நல்ல பாடம். அதைக் குறைக்கும் பாடம், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும், கெடுதல்தான் செய்கிறது. பாஸ்வேர்ட், ப்ரைவசி செட்டிங் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அதனால்தான் ஆசிரியர் அறை. ஒரு மாணவி உங்களிடம் வந்து ஃபோனை நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தில் முதலில் என்ன தெரிகிறது என்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்ற ஒரு வாக்கியம் போதும், அவள் மட்டும் இல்லை, அவளுடைய தோழிகளும் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பதற்கு முன்னால் எல்லா ஆசிரியர்களையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, ஒருவரை மாணவராக நடிக்கச் சொல்லி, மற்றவர் பதில் சொல்லிப் பழகட்டும். முதலில் சிரிப்பு வரும். மூன்றாவது ஜோடி எழுந்து வரும்போது சிரிப்பு நின்றுவிடும், ஏனென்றால் சரியான வார்த்தை வாயில் வருவது அவ்வளவு சுலபமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

முதல் வாக்கியம் “நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு” என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, “இது உன் தப்பு இல்லை.” அவன் ஏதோ அசட்டுத்தனம் செய்தே இருந்தாலும் அந்த நேரத்தில் அதைச் சொல்லிக்காட்டத் தேவையில்லை, மிரட்டுவது மிரட்டுபவனின் குற்றம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. “யார் யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும்தான் சொல்வேன், சொல்றதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்பது நியாயமான வாக்கு.

அப்புறம் கைவேலை. மிரட்டல் வந்த உரையாடலை அழிக்கச் சொல்லாதீர்கள், அதுதான் சாட்சி. அனுப்பியவரின் கணக்குப் பெயர், அவருடைய ப்ரொஃபைலின் முகவரி, நாள், நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மிரட்டல் வார்த்தைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்த பிறகுதான் ரிப்போர்ட், பிளாக். பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த தொகை கேட்பான். ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள்: குழந்தையின் அந்தரங்கப் படம் எதையும் நீங்கள் பார்க்க வேண்டாம், உங்கள் ஃபோனுக்கு அனுப்பச் சொல்ல வேண்டாம், தலைமை ஆசிரியருக்கு ‘ஆதாரமாக’ அனுப்பவே வேண்டாம். பல நாடுகளின் சட்டத்தில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம், ஆசிரியர் என்பதற்காக விலக்குக் கிடையாது. நல்ல மனதோடு உதவப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படம் ஏற்கெனவே வெளியே போய்விட்டதென்றால், அல்லது போய்விடும் என்ற பயம் இருந்தால், அதோடு கதை முடிந்துவிடவில்லை என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்று ஒரு இலவசச் சேவை நடத்துகிறது. பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படமாக இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. அதில் படத்தைப் பதிவேற்றுவது கிடையாது. படம் நம் சாதனத்திலேயே இருக்க, அதிலிருந்து ஒரு எண்வரிசை மட்டும் கணக்கிடப்படுகிறது. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைரேகையை, திட்டத்தில் சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, அதே படம் தங்கள் தளத்தில் வந்தால் பிடித்துவிடும். குறைகளும் உண்டு. சேராத தளத்தில் இது செல்லாது, மறையாக்கம் செய்த, அதாவது பேசிக்கொள்பவர்கள் மட்டுமே படிக்க முடிகிற தனி உரையாடலுக்குள் எட்டிப்பார்க்க முடியாது, படத்தை வெட்டி மாற்றினால் கைரேகையும் மாறிவிடும். ஆனாலும் ‘செய்வதற்கு ஒன்று இருக்கிறது’ என்று தெரிந்த நிமிடத்தில் ஒரு குழந்தையின் மூச்சு சீராவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்று. பல பள்ளிகளில் இந்த மாதிரி விஷயத்துக்கு மாணவிகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். பையன்கள் விளையாடப் போய்விடுகிறார்கள். ஆனால் படத்தை வைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெரும்பாலும் குறிவைப்பது பதின்ம வயதுப் பையன்களைத்தான். மேலே சொன்ன அதே மையத்துக்கு இந்த வகைப் பணப் பறிப்பு பற்றி 2022இல் வந்த புகார்கள் 10,731, 2023இல் 26,718. அழகான பெண்ணின் படம் போட்ட கணக்கிலிருந்து நட்பு அழைப்பு, உடனே நெருக்கமான பேச்சு, ஒரு படம், அதற்கு அடுத்த நிமிடமே மிரட்டல். சில மணி நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். இதைப் பையன்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல ஆண் ஆசிரியர்கள் கூச்சப்படுவதால்தான் அவர்கள் தயாராக இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, இப்போது வகுப்பறைக்கு வருவோம்.

‘முன்பின் தெரியாதவரிடம் பேசாதே’ என்பதுதான் எல்லாப் போஸ்டரிலும் இருக்கும் முதல் விதி. இதை நான் சொல்லித்தருவதை விட்டுவிட்டேன். இணையத்தில் விளையாடும் குழந்தை தினமும் முன்பின் தெரியாதவர்களோடுதான் விளையாடுகிறது. விதி முதல் நாளே உடைந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், பதினைந்து நாள் பேசிய பிறகு அந்த ஆள் அந்நியர் இல்லை, ‘எனக்குத் தெரிந்த அண்ணன்’. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களை ஆராயும் டேவிட் ஃபின்கெல்ஹாரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைப் பற்றிய பொதுக் கற்பனையைத் தலைகீழாகத் திருப்பியது. முகமூடி போட்டுக் குழந்தை வேஷத்தில் வரும் கிழவன் என்பதுதான் நம் மனதில் இருக்கும் படம். அவர்கள் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் அந்த ஆட்கள் தாங்கள் வயதில் பெரியவர்கள் என்பதை மறைக்கவே இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதினர். காதல் என்றோ, தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என்றோ நம்பித்தான் போயிருக்கிறார்கள்.

அதனால் ஆளை அடையாளம் காணச் சொல்லித்தருவதில் பிரயோஜனம் குறைவு. நடத்தையை அடையாளம் காணச் சொல்லித்தர வேண்டும். நான் பலகையில் ஒரு உரையாடலை வரிசையாக எழுதிக்கொண்டே போவேன். முதலில் பாராட்டு. அப்புறம் விளையாட்டுக்குள் ஒரு சின்னப் பரிசு. ‘உங்க வீட்ல உன்னை யாருமே புரிஞ்சுக்கல’ என்று ஒரு வரி. ‘இங்க வேண்டாம், வேற ஆப்ல பேசலாம்’ என்று ஒரு வரி. ‘இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்’ என்று ஒரு வரி. எந்த வரியில் உனக்கு இடிக்கிறது, அங்கே கையைத் தூக்கு என்பதுதான் விளையாட்டு. ஆறாம் வகுப்பில் கைகள் கடைசி வரியில்தான் எழும். எட்டாம் வகுப்பில் ‘வேற ஆப்’ வந்ததுமே எழும். முன்னதாகக் கை தூக்கியவர்களை ஏன் என்று கேளுங்கள். உங்களைவிட நன்றாக அவர்களே மற்றவர்களுக்குப் புரியவைப்பார்கள். ரகசியம் காக்கச் சொல்லும் பெரியவர் எவராக இருந்தாலும், அவர் உறவினராகவோ ஆசிரியராகவோ இருந்தாலும், அதை இன்னொரு பெரியவரிடம் போய்ச் சொல்லலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்ட் பாடம் எளிதானது, பல பள்ளிகளில் தவறாகவும் நடக்கிறது. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்ற பழைய மந்திரத்தை 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர், அதில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் அவரே சொல்லிவிட்டார். அதே வருடம் அந்த நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், நீளம்தான் முக்கியம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடியே இருபது லட்சம் பாஸ்வேர்ட்கள் அப்படியே கசிந்தபோது, அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இதைச் சொன்னால் வகுப்பில் யாராவது ஒருவர் முகம் மாறும், கண்டுகொள்ளாதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்துப் பழகச் சொல்லுங்கள். முக்கியமான கணக்குகளில் இரண்டாவது சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ஃபோனுக்கு வரும் எண் மாதிரி இன்னொன்றையும் கேட்கும் பூட்டைப் போடக் கற்றுக்கொடுங்கள்.

ஆனால் குழந்தைகளின் பாஸ்வேர்ட் பெரும்பாலும் திருடப்பட்டுப் போவதில்லை, கொடுக்கப்பட்டுப் போகிறது. ‘உண்மையான ஃப்ரெண்டுன்னா பாஸ்வேர்ட் சொல்லு’ என்பது அந்த வயதில் ஒரு நட்புச் சோதனை. சண்டை வந்த மறுநாள் அந்தக் கணக்கிலிருந்து என்னென்னவோ போகும். ‘கொடுக்காதே’ என்று சொன்னால் போதாது, கொடுக்காமல் நட்பைக் காப்பாற்றும் வசனத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரை எழுப்பி நடிக்கவிடுங்கள். என் வகுப்பில் அதிகம் வாக்கு வாங்கிய பதில், “எங்க அம்மா என் அக்கவுண்ட்டைப் பார்ப்பாங்க, உன் மெசேஜ் எல்லாம் மாட்டிக்கும்” என்பது. பொய்தான். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

போலி லிங்க், ஓடிபி, இலவச காயின் வகையறாவுக்கு நான் கண்ட சிறந்த வழி, மாணவர்களையே ஏமாற்றுக்காரர்களாக உட்கார வைப்பது. நாலு பேர் குழு, பத்து நிமிடம், தாளில் மட்டும். ஆசிரியர் லிங்கைத் தட்டும்படி ஒரு செய்தி எழுத வேண்டும். அவர்கள் எழுதுவதைப் பார்த்தால் உங்களுக்கே வியர்க்கும். எழுதி முடித்ததும் எல்லாவற்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவசரம், பயம், ஆசை, அதிகாரம் என்று அவர்கள் வாயிலேயே வந்துவிடும். இன்றைக்கு இருக்கும் போலி லிங்க்கின் அடையாளம் அடுத்த வருடம் மாறிவிடும். பிழையில்லாத மொழியில் எழுதித்தரச் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, எழுத்துப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரை செத்துவிட்டது. அவசரப்படுத்துவது மட்டும் மாறவே மாறாது.

பொய்ச் செய்தி பற்றிய பாடத்திலும் பழைய சரக்கு ஒன்றைத் தூக்கிப்போட வேண்டும். தளம் நேர்த்தியாக இருக்கிறதா, தொடர்பு முகவரி இருக்கிறதா, மேற்கோள் இருக்கிறதா என்று டிக் அடிக்கும் பட்டியல் பல பாடப்புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. 1998இல் யாரோ ஒருவர் விளையாட்டாக, மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள் என்று ஒரு தளம் தொடங்கினார். படம், அறிவியல் பெயர், வாழிடக் குறிப்பு எல்லாம் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லூ என்ற கல்வியாளர் அந்தத் தளத்தை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். இணையத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாரும் நம்பினார்கள். பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழும் தளம் அது, நம்பாமல் என்ன செய்வார்கள்?

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வரலாற்றுப் பேராசிரியர்களையும், கல்லூரி மாணவர்களையும், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்களையும் ஒரே தளங்களின் முன்னால் உட்கார வைத்தார்கள். பேராசிரியர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை கவனமாகப் படித்தார்கள், ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே புது டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போனார்கள். மாணவர்களுக்கு இதை ‘உள்ளே தோண்டாதே, வெளியே போய் விசாரி’ என்று ஒரே வரியில் சொல்லலாம். முன்பின் பழக்கமில்லாத ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவரையே கேட்பீர்களா, அக்கம்பக்கத்தில் கேட்பீர்களா என்றால் ஆறாம் வகுப்புக்கும் புரியும்.

பெரியவர்களே ஏமாந்த கதை ஒன்றும் சொல்லலாம். 2019 பிப்ரவரியில் ‘மோமோ சவால்’ என்று ஒரு பீதி கிளம்பியது. பிதுங்கிய கண்களோடு ஒரு உருவம் குழந்தைகளின் வீடியோவுக்கு நடுவே வந்து தற்கொலைக்குத் தூண்டுகிறது என்றார்கள். பள்ளிகளும் காவல்துறையினரும் பெற்றோருக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள், ஊடகங்கள் பிடித்துக்கொண்டன. அந்த உருவம் ஜப்பானியக் கலைஞர் ஒருவர் 2016இல் காட்சிக்கு வைத்த சிற்பம். அதனால் எந்தக் குழந்தைக்கும் தீங்கு நேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் குழந்தைகள் நல அமைப்புகளே சொல்லிவிட்டன. எச்சரிக்கையைப் பார்த்துத்தான் பல குழந்தைகள் அந்தப் படத்தையே முதன்முதலில் பார்த்தார்கள், இரவில் அழுதார்கள். அடுத்த முறை ஏதாவது சவால் என்று ஃபார்வர்ட் வந்தால், அதன் பெயரையும் படத்தையும் காலைக் கூட்டத்தில் காட்டிவிடாதீர்கள். “என்னவாவது உன்னைத் தொந்தரவு செய்தால் வந்து சொல்” என்பது எல்லாச் சவாலுக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வருவது. பள்ளியில் அதிகம் நடப்பது உள்ளேயிருந்து வருவதுதான். லண்டன் பொருளாதாரப் பள்ளியின் சோனியா லிவிங்ஸ்டனும் அவருடன் பணியாற்றுபவர்களும் இணைய ஆபத்துகளை நாலாகப் பிரிக்கிறார்கள்: கண்ணில் படுவது, தேடி வரும் ஆட்களால் வருவது, பிள்ளைகள் தங்களுக்குள் செய்துகொள்வது, வணிக நிறுவனங்களிடம் நம்மை ஒப்புக்கொடுப்பது. முதல் இரண்டுக்கு எல்லாரும் பாடம் எடுப்பார்கள். மூன்றாவதைத் தொட்டால் நம் பள்ளிப் பிள்ளைகளையே குற்றம் சொன்னதாக ஆகிவிடுமே என்று தயங்குவார்கள்.

2023 செப்டம்பரில் ஸ்பெயினில் அல்மென்டிராலேகோ என்ற சிற்றூரில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளின் சாதாரணப் படங்களை ஒரு செயலியில் போட்டு நிர்வாணப் படங்களாக மாற்றிக் குரூப்களில் பரப்பினார்கள். செய்தவர்கள் அவர்களுடைய பள்ளிகளிலேயே படித்த பையன்கள். அடுத்த வருடம் நீதிமன்றம் பதினைந்து பேரை ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. அந்த மாணவிகள் இணையத்தில் எந்த விதியையும் மீறவில்லை. சும்மா ஒரு படம் போட்டிருந்தார்கள். ‘படம் போடாதே’ என்று அவர்களிடம் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? பாடம் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு எடுக்க வேண்டும். செய்வதும் பரப்புவதும் விளையாட்டில்லை, ‘நான் செய்யல, ஃபார்வர்ட்தான் பண்ணேன்’ என்பது தப்பிக்கும் வழியும் இல்லை என்று ஏழாம் வகுப்பிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

கிண்டலும் ஒதுக்கிவைப்பதும் நடக்கும் குரூப்களைப் பொறுத்தவரை, பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ என்ற பள்ளிக் கொடுமைத் தடுப்புத் திட்டத்தின் அடிப்படை எனக்கு மிகவும் உதவியது. கிண்டல் செய்பவனுக்கும் மாட்டிக்கொண்டவனுக்கும் இடையில் மட்டும் நடக்கும் நாடகம் இல்லை அது. வேடிக்கை பார்ப்பவர்கள் கொடுக்கும் கைதட்டல்தான் அதற்குத் தீனி. அங்கே நடந்த பெரிய அளவிலான சோதனையில், வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றப் பழக்கியதில் கொடுமை குறைந்தது. நாற்பது பேர் உள்ள குரூப்பில் ஒருவனை எதிர்த்து நில் என்று பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் கேட்பது அதிகம். நான் கேட்பது சின்ன விஷயம்: சிரிக்கும் பொம்மையைத் தட்டாதே, மாட்டிக்கொண்டவனுக்குத் தனியாக ஒரு வரி, ‘அவங்க பண்றது தப்பு, நாளைக்கு என் பக்கத்துல உட்காரு’ என்று அனுப்பு. இதை எழுதச் சொல்லியே பழக்கலாம். தாளில் எழுதும்போதே சிலர் யோசித்து யோசித்து அழித்து எழுதுவார்கள்.

நாலாவது வகையை, அதாவது செயலிகள் நம்மைக் கட்டிப்போடும் விதத்தை, ஒரு வீட்டுப்பாடமாக விட்டுவிடலாம். தானாக ஓடும் அடுத்த வீடியோ, விடாமல் தினமும் வரச்சொல்லும் தொடர் எண்ணிக்கை, முடிவே இல்லாமல் கீழே போகும் பக்கம் என்று எத்தனை தூண்டில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரச்சொல்லுங்கள். முடிவில்லாப் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார் என்பதைச் சொன்னால் மாணவர்கள் ஆர்வமாகிவிடுவார்கள்.

வயது பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். பதின்மூன்று என்ற எண் மனவளர்ச்சியைக் கணக்குப்போட்டு வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். 1998இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சேகரிக்கக் கூடாது என்றது. நிறுவனங்கள் தொந்தரவே வேண்டாமென்று அந்த வயதையே வாசலாக வைத்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பல சமூக வலைத்தளங்களுக்கு அதைப் பதினாறாக்கியிருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவோ அதைச் சொல்லுங்கள். ஆனால் வயதைக் கூட்டிப்போட்டு உள்ளே போன பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள், ஏதாவது ஆனால் இரட்டைப் பயத்தில் வாயை மூடிக்கொள்ளப்போவது அவர்கள்தான். “வயசு மாத்திப் போட்டிருந்தாலும் பிரச்சினைன்னா வா, அதைப் பத்தி அன்னைக்குப் பேச மாட்டேன்” என்று பெயர் சொல்லாமல் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

பெற்றோர் கூட்டத்திலும் இதே வேண்டுகோள்தான். பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்கு என்னிடம் சொன்ன முதல் காரணம், அடி இல்லை, திட்டு இல்லை, ‘ஃபோனைப் பிடுங்கிடுவாங்க’. ஆகவே பெற்றோரிடம் கேளுங்கள், “என்ன நடந்தாலும் நீயாக வந்து சொன்னால் அதற்காக ஃபோனைப் பறிக்க மாட்டேன்” என்று ஒரு வாக்குக் கொடுக்க முடியுமா என்று. அரங்கில் முணுமுணுப்பு வரும். வரட்டும்.

பள்ளி தன்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘தகவல்களைப் பகிராதே’ என்று பாடம் எடுத்துவிட்டு, போட்டியில் வென்ற குழந்தையின் முகம், முழுப்பெயர், வகுப்பு, பிரிவு எல்லாவற்றையும் பள்ளியின் பொதுப் பக்கத்தில் போடுகிறோம். மாணவர் கணக்குகளுக்குச் சேர்க்கை எண்ணைப் பயனர் பெயராகவும் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாகவும் வைக்கிறோம். 2024 டிசம்பரில், பல நாட்டுப் பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் மென்பொருளிலிருந்து மாணவர் விவரங்கள் பெருமளவில் திருடுபோனது, திருட்டுப்போன ஒரு உள்நுழைவு வழியாகத்தான். நீங்கள் பாடம் தொடங்கும் முன் இதை ஒரு தடவை நிர்வாகத்தோடு உட்கார்ந்து சரிசெய்யுங்கள், பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். தனிப் பாடவேளை கிடைக்காவிட்டாலும் மாதம் ஒரு முறை இருபது நிமிடம் போதும். ஏமாற்றுச் செய்தி மொழிப்பாட வகுப்பில் நடக்கலாம், சரிபார்ப்பு சமூக அறிவியலில், பாஸ்வேர்ட் கணிதத்தில். நாலு சொற்களில் எத்தனை சேர்க்கைகள் என்பது நல்ல கணக்கு. இன்னும் சின்ன வகுப்புகளுக்கு ஒரே விதிதான், வருடம் முழுக்க அதையே திரும்பத் திரும்ப: பிடிக்காதது எதையாவது பார்த்தால் திரையைக் கவிழ்த்து வை, எழுந்து வா, சொல்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தேர்வு வைக்காதீர்கள், ‘பாஸ்வேர்டைப் பகிரலாமா’ என்று கேட்டால் எல்லாரும் சரியான பதில்தான் எழுதுவார்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் வேண்டாம். ‘இணையத்தில் உனக்கு ஏதாவது மோசமாக நடந்தால் இந்தப் பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்வாய்?’ என்று ஒரே கேள்வி. வருடக் கடைசியில் அதே சீட்டு, அதே கேள்வி. வெறுமையாக வரும் சீட்டுகள் எத்தனை, குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் முதல்முறை இதைச் செய்தபோது, பயிற்சி பெற்ற எங்கள் யாருடைய பெயரையும்விட அதிகமாக வந்தது நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அக்காவின் பெயர். பயிற்சிக்கு அவரை யாரும் கூப்பிடவே இல்லை. அடுத்த மாதம் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம்.